குறை பிள்ளையின் கையிலா, யோ-யோவிலா?

கேள்வி இது. ஒன்பது வயது மகளுக்கு இரண்டு யோ-யோ வாங்கித் தந்திருக்கிறீர்கள். முதலாவது, விளக்கு எரியும் பிளாஸ்டிக் யோ-யோ. எவ்வளவு வேகமாக வீசினாலும் கீழே நின்று சுற்றாமல் அந்த நொடியே திரும்பிவிடுகிறது, இல்லையென்றால் பாதி வழியில் சாய்ந்து நின்றுபோகிறது. இரண்டாவது, பேரிங் போட்ட உலோக யோ-யோ. அது கீழே நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் எத்தனை முறை சுண்டினாலும் மேலே ஏறுவதில்லை. "எனக்கு இது வராது" என்று சொல்லி அவள் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டாள். தவறு அவள் கையிலா, யோ-யோவிலா, மூன்றாவதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், முதலாவதின் குறை அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. பல ஆண்டு ஆடிப் பழகியவர் கையில் கொடுத்தாலும் அது கீழே நின்று சுற்றாது. இரண்டாவதில் குறை எதுவும் இல்லை. சுண்டினால் திரும்பக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது அது. தொடங்குகிறவருக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். இந்த இரண்டையும் முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பொம்மையின் குறையைத் தன் குறையாக ஒரு பிள்ளை எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். யோ-யோவில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல யோ-யோவும் மோசமான யோ-யோவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசமெல்லாம் நடுவில், அச்சிலும் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியிலும் ஒளிந்திருக்கிறது.

கயிற்றிலிருந்து தொடங்குவோம். யோ-யோ மிகப் பழைய பொம்மை; கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஓவியம் ஒன்றில் ஒரு சிறுவன் அதை ஆடுவதைக் காணலாம். ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பரவலாக ஆடப்பட்டவற்றில் கயிறு அச்சோடு கட்டப்பட்டிருந்தது. அப்படிக் கட்டிய யோ-யோ கீழே போகும், மேலே வரும். வேறொன்றும் செய்யாது. கயிறு முழுவதும் பிரிந்த கணத்தில் சுழலும் அச்சு கயிற்றின் முனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். நடுவில் நிற்க இடமே இல்லை. இதை மாற்றியது பிலிப்பைன்ஸ் நாட்டு யோ-யோ. அதில் கயிறு கட்டப்படுவதில்லை, அச்சைச் சுற்றி ஒரு வளையமாக மாட்டப்படுகிறது. கயிறு பிரிந்து முடிந்ததும் அச்சு அந்த வளையத்துக்குள் வழுக்கியபடி சுழன்றுகொண்டே இருக்கும். 'ஸ்லீப்' என்று ஆடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். பெத்ரோ ஃபுளோரெஸ் என்ற பிலிப்பைன்ஸ்காரர் 1928-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இத்தகைய யோ-யோவைத் தயாரிக்கத் தொடங்கினார். அவரிடமிருந்து அந்தத் தொழிலை வாங்கிய டொனால்ட் டங்கனின் பெயர்தான் பிறகு உலகெங்கும் பரவியது. இன்றைய யோ-யோ வித்தைகள் எல்லாமே அந்த ஒரு வளையத்தின் மேல் நிற்கின்றன.

இவ்வளவு காலம் கழித்தும், பல மலிவு யோ-யோக்களில் கயிறு அச்சில் முடிச்சுப் போட்டோ, அச்சில் துளையிட்டு அதில் கோத்தோதான் வருகிறது. தொழிற்சாலையில் அது சுலபம், கழன்று வந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று பார்க்க யோ-யோவைக் கயிற்றில் தொங்கவிட்டு, இன்னொரு கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கயிறு அசையாமல் இருக்க யோ-யோ மட்டும் திரும்பினால் அது வளையம். ஒவ்வொரு திருப்பலுக்கும் கயிறு அச்சில் ஏறிக்கொண்டே போனால், கயிறு கட்டப்பட்டிருக்கிறது அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது.

கட்டப்பட்டிருந்தால் வெட்டி எடுத்துவிட்டு நல்ல பருத்திக் கயிறு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். யோ-யோ கயிறு என்பது ஒரே நீள நூலை இரண்டாக மடித்து முறுக்கியது. அதன் ஒரு முனையில் முடிச்சு இருக்கும், மறு முனையில் முடிச்சே இருக்காது. முடிச்சில்லாத முனையை முறுக்குக்கு எதிராகத் திருகினால் இரண்டு இழைகளும் பிரிந்து வளையம் விரியும். அதை யோ-யோவின் ஒரு பாதி மேலாக நுழைத்து அச்சில் உட்கார வைத்து, மறுபடி முறுக்கேற விட்டால் வேலை முடிந்தது. பாதிகள் ஒட்டப்பட்டிருந்தாலும் இப்படி மாட்ட முடியும். பெற்றோர் பலர் அறுந்த கயிற்றுக்குப் பதில் சாதாரண நூலை அச்சில் இறுகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல யோ-யோவையும் அது கெடுத்துவிடும்.

பருத்தி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பேரிங் இல்லாத யோ-யோவில் கயிறும் அச்சும் நேரடியாக உரசுகின்றன. அந்த உரசலில் சூடு பிறக்கும். நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் அந்தச் சூட்டில் இளகி, அச்சில் ஒட்டி, அறுந்தும் போகும். பருத்தி தேயும், ஆனால் உருகாது. பேரிங் உள்ளவற்றில் இந்தக் கவலை இல்லை, அங்கே பாலியஸ்டர்தான் நீடித்து உழைக்கும். பொம்மை யோ-யோக்களோடு வரும் வழவழப்பான மெல்லிய நைலான் கயிறு இரண்டுக்கும் பொருந்தாது. விரலையும் அறுக்கும்.

கயிறு சரியாக இருந்தும் யோ-யோ உடனே திரும்புகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது இடைவெளி. என்னைக் கேட்டால், யோ-யோ வடிவமைப்பில் மிக முக்கியமான அளவு இதுதான். மலிவானவற்றில் மிக அலட்சியமாக விடப்படுவதும் இதுவே. யோ-யோ எப்படி மேலே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நாம் சுண்டும்போது யோ-யோ லேசாக மேலே எழும்புகிறது, ஒரு கணம் கயிறு தளர்கிறது. தளர்ந்த கயிறு பக்கச் சுவரில், அதாவது ஒரு பாதியின் உட்பக்கத்தில், பட்டு, சுவரின் உரசல் அதைப் பிடித்து உள்ளே இழுக்க, முதல் சுற்று விழுகிறது. அந்த முதல் சுற்று விழுந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். ஆக, கயிறு இறுக்கமாக இருக்கும்போது சுவரைத் தொடக் கூடாது, தளரும்போது கட்டாயம் தொட வேண்டும். இடைவெளி குறுகினால் சுண்டாமலேயே கயிறு சுவரில் உரசிக்கொண்டிருக்கும். சுழற்சி வேகமாக வடியும், அல்லது யோ-யோ கேட்காமலே திரும்பும். இடைவெளி அகன்றால் எவ்வளவு சுண்டினாலும் கயிறு சுவரைத் தொடாது.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான இடம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிக்குள் இருக்கிறது. கயிறு புதிதாக இருக்கும்போது ஒரு தடிமன், தேய்ந்து நைந்தபின் இன்னொரு தடிமன் என்பதால் அந்த இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் திருகிக் கழற்றி மாட்டக்கூடிய யோ-யோவையே எப்போதும் பரிந்துரைப்பேன். டாம் கூன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1970-களின் இறுதியில், பிரித்து மாட்டக்கூடிய மர யோ-யோ ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பாதிகளை மாற்றி மாற்றி மாட்டி வேறு வேறு வடிவங்களாகவும் ஆட முடிந்தது. பிரிக்க முடிகிற யோ-யோவில் முடிச்சு விழுந்தால் திறந்து எடுத்துவிடலாம். ஒட்டப்பட்ட யோ-யோவில் அச்சில் விழும் ஒரு முடிச்சே அதன் ஆயுளை முடித்துவிடும். ஊசியை விட்டுக் குத்தி எடுக்க முயன்று பிள்ளைகள் கையைக் காயப்படுத்திக்கொள்வதும் உண்டு.

ஆனால் திருகு இருக்கிறது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது. பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை வெட்டியிருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். சிலவற்றில் ஓர் உலோக நட்டை அறுகோணக் குழியில் பதித்திருப்பார்கள். அதிகமாக இறுக்கினால் குழி உருண்டையாகத் தேய்ந்து நட் சும்மா சுழலும், அல்லது மையப்பகுதி விரிசல் விடும். விரலால் இறுகும் அளவு போதும், கொறடு வேண்டாம். அழுத்திச் செருகிய அச்சு இன்னும் மோசம். வீச வீச பாதிகள் மெல்ல விலகி இடைவெளி அகலமாகும். ஒருநாள் ஒரு பாதி தனியே பறந்துவிடும். முகத்துக்கு அருகே சுழலும் பொருள் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு பாதிகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சிறிதாவது விலகினால் அந்த யோ-யோவை அவளிடம் தர வேண்டாம்.

சுவரின் உட்பக்கத்தையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வார்த்து எடுத்த பிளாஸ்டிக்கில் பிசிறு இருந்தால் அது கயிற்றை ஒவ்வொரு வீச்சிலும் அறுத்துக்கொண்டிருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

அடுத்தது எடை. "கனமான யோ-யோதான் நீண்ட நேரம் சுற்றும்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு யோ-யோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். எடை கூடினால் சுழற்சியில் சேமிப்பாகும் உந்தமும் கூடும். ஆனால் கயிற்றின் மேல் விழும் பாரமும் அதே அளவு கூடுவதால் உரசலும் கூடும். கணக்குப் போட்டால் எடை மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுப் போகிறது. காற்றின் எதிர்ப்பை விட்டுவிட்டால், யோ-யோ எவ்வளவு நேரம் நின்று சுற்றும் என்பதை முடிவு செய்பவை நான்கு: தொடக்க வேகம், அச்சின் தடிமன், அச்சின் வழுவழுப்பு, எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னது இருமடிப் பெருக்கமாக வேலை செய்கிறது. 56 மி.மீ. விட்டமுள்ள யோ-யோவை அதே வடிவத்தில், அதே அச்சோடு 40 மி.மீ. ஆகச் சுருக்கினால் சுற்றும் நேரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பரிசுப் பைகளில் இலவசமாக வரும் குட்டி யோ-யோக்கள் ஏன் உருப்படியாகச் சுற்றுவதில்லை என்பதற்கு விடை இதுதான்.

விளக்கு யோ-யோவின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பட்டன் பேட்டரி, எல்.இ.டி., வீசும்போது எரியவைக்கும் சிறு சுவிட்ச் என்று கனமானவை எல்லாம் மையத்துக்கு அருகில் அடைந்துகிடக்கும். எடை எங்கே இருக்க வேண்டுமோ, அந்த விளிம்பு மெல்லிய பிளாஸ்டிக் ஓடாக இருக்கும். ஆகவே கையில் கனமாகத் தெரிந்தாலும் சுழற்சி சீக்கிரம் செத்துவிடும். நல்ல யோ-யோவை அறுத்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும்: நடுவில் மெலிந்து, விளிம்பில் தடித்திருக்கும். சிலவற்றில் விளிம்பில் உலோக வளையமே பதித்திருப்பார்கள்.

பேட்டரியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதன் மூடி திருகு போட்டு இறுக்கியதா, அல்லது நகத்தால் நெம்பினால் திறக்கிறதா என்று இன்றே பாருங்கள். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்க முடியும். யோ-யோ தரையில் மோதுகிற பொம்மை, ஒட்டிய மூடி ஒருநாள் தெறிக்கத்தான் செய்யும். வீட்டில் இன்னும் சிறிய பிள்ளை இருந்தால் திருகில்லாத மூடியுள்ள யோ-யோவை வைத்திருக்கவே வேண்டாம்.

இப்போது நடுக்கமும் சாய்வும். இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நடுக்கம் என்பது யோ-யோ அதே இடத்தில் நின்றபடி உதறுவது. கயிற்றைப் பிடித்த விரலில் அதிர்வு தெரியும், விளிம்பு மங்கலாகத் தெரியும். இதற்கும் வீசுகிறவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. எடை மையத்தில் சரியாக விழவில்லை என்பதே காரணம். இது எவ்வளவு சிறிய பிழையிலிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். யோ-யோ நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று, சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் எடைமையம் அச்சிலிருந்து வெறும் 0.1 மி.மீ. விலகியிருந்தால் போதும், அதை வெளியே இழுத்து உலுக்கும் விசை அந்த யோ-யோவின் எடைக்குச் சமமாகிவிடும். வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். ஒரு பக்கப் படத்தகடு சற்றுத் தள்ளி ஒட்டப்பட்டாலோ, பேட்டரி ஒருபுறமாக இருந்தாலோ 0.1 மி.மீ. என்ன, அதைவிடப் பல மடங்கு விலகும். அச்சு மிக லேசாக வளைந்திருந்தாலும் இதே கதைதான். வீட்டில் இதைத் திருத்துவது கடினம். பிரிக்க முடிகிற யோ-யோ என்றால், ஒரு பாதியை மட்டும் கால் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கலாம். இரண்டு பாதிகளின் பிழைகளும் எதிரெதிராக அமைந்தால் நடுக்கம் குறையும். எல்லா யோ-யோவிலும் அப்படித் திருப்ப வழியிருக்காது.

சாய்வு வேறு. சுழலும் தளமே மெல்ல ஒருபக்கம் படுத்து, கயிறு ஒரு சுவரில் உரசி, யோ-யோ திரும்பித் திரும்பி நின்றுபோவது அது. இதற்குக் கையும் காரணமாகலாம், யோ-யோவும் காரணமாகலாம். மணிக்கட்டு சற்றே திரும்பி வீசினால் சாயும். ஆனால் வேகமாகச் சுழலும் பம்பரம் தட்டினாலும் நிமிர்ந்து நிற்பதுபோல், விளிம்பில் எடையுள்ள யோ-யோ சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மையத்தில் எடையுள்ளது பொறுக்காது. குறுகலான, பழைய பாணி உருண்டை வடிவமும் பொறுக்காது. கயிறு சற்றே விலகினாலும் சுவரில் இடித்துவிடும். வெளிப்பக்கம் விரிந்த 'பட்டர்ஃபிளை' வடிவம் கயிற்றுக்கு அதிக இடம் தருகிறது. அதனால் தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது.

கையா, யோ-யோவா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பாதியில் மையினால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அவள் சில தடவை வீசட்டும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். பிறகு கயிற்றை முழுவதும் பிரித்து, யோ-யோவைப் பக்கம் மாற்றித் திருப்பி, மறுபடி சுற்றி வீசச் சொல்லுங்கள். புள்ளி இருக்கும் பக்கத்தோடு சேர்ந்து சாய்வும் இடம் மாறினால் யோ-யோவின் குறை. சாய்வு அதே பக்கம் நீடித்தால் மணிக்கட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். இதை அவளையே செய்து பார்க்கவிடுங்கள். தன் தவறு எது, பொம்மையின் தவறு எது என்று அவளே பிரித்தறிய முடிவது நல்லது.

இரண்டாவது யோ-யோவுக்கு வருவோம். பேரிங் யோ-யோ 1980-களிலேயே தலைகாட்டியது. ஸ்வீடனின் பேரிங் நிறுவனமான எஸ்.கே.எஃப். 1984-இல் சிறிது காலம் பேரிங் வைத்த யோ-யோ செய்தது. டாம் கூனின் எஸ்.பி.-2 என்ற பேரிங் யோ-யோ 1990-இல் வந்தபிறகுதான் அது நிலைபெற்றது. பேரிங் வந்ததும் கயிறு அச்சோடு உரசுவது போய், உள்ளே குண்டுகள் உருள, கயிறும் வெளிவளையமும் அசையாமல் நிற்கும் நிலை வந்தது. சுற்றும் நேரம் நொடிகளிலிருந்து நிமிடங்களுக்குப் போனது. நீண்ட நேரம் சுற்றுவதால் கயிற்றின் மேல் யோ-யோவை ஏற்றி இறக்கி ஆடும் வித்தைகள் பெருகின. அவற்றின் நடுவே யோ-யோ தானாகத் திரும்பிவிட்டால் வித்தை கெடும். ஆகவே இடைவெளியை 4.5 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்தி, சுண்டினாலும் திரும்பாதபடி செய்துவிட்டார்கள். 'அன்ரெஸ்பான்சிவ்' என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான் குறிக்கிறது. எழுதியிருக்கவும் மாட்டார்கள் பல நேரம். வாங்குகிறவருக்கு இதைத் தெரிவிக்காமல், தொடங்குகிறவர்களுக்கான பொம்மை என்று விற்பதை நான் ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். பொருளின் குறை அல்ல, விற்கும் முறையின் குறை.

அதைத் திருப்பிக் கொண்டுவர 'பைண்டு' என்ற உத்தி வேண்டும். யோ-யோ சுழன்றுகொண்டிருக்கும்போது மற்றக் கைவிரலால் கயிற்றை ஒரு மடிப்பாக்கி, அந்த மடிப்பைச் சுழலும் இடைவெளிக்குள் ஊட்ட வேண்டும். ஓரிழையாக இருக்கும்போது சுவரைத் தொடாத கயிறு, மடிந்து பல இழையானதும் இரண்டு பக்கச் சுவரிலும் கயிற்றைப் பிடிக்கப் பதித்திருக்கும் சிலிக்கோன் பேடுகளுக்கு நடுவே நெரிபட்டுப் பிடித்துக்கொள்ளும். யோ-யோ கைக்கு வந்துவிடும். ஒன்பது வயதில் இது முடியாத காரியம் அல்ல, ஆனால் நேராக வீசவும் நீண்ட நேரம் சுற்றவிடவும் பழகியபிறகுதான். முதல் நாளே இதைக் கேட்பது நியாயமில்லை.

வேண்டுமானால் அந்த உலோக யோ-யோவையே சுண்டினால் திரும்புவதாக மாற்றலாம். வாங்கிய பெட்டியில் இன்னொரு மெல்லிய பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். சில யோ-யோக்களோடு தருவார்கள். அதை மாட்டினால் இடைவெளி குறுகிவிடும். அது இல்லையென்றால் கயிற்றின் வளையத்தைப் பேரிங்கின் மேல் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாக மாட்டிப் பார்க்கலாம். பேரிங்குக்குள் சற்று கெட்டியான மசகு ஒரு துளி விட்டாலும் அதன் சுழற்சி மந்தமாகி, கயிற்றைப் பிடிக்கும் போக்கு கூடும். இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: மலிவான பேரிங் யோ-யோ சில சமயம் உடனே திரும்பிவிடுவதற்கு, தொழிற்சாலையில் பேரிங்கில் அடைத்த கெட்டியான கிரீஸ்தான் காரணம். ஆட ஆட கிரீஸ் வற்றி, சில வாரங்களில் அதே யோ-யோ திரும்ப மறுக்கும். பிள்ளைக்கோ நேற்று வந்தது இன்று வரவில்லை என்று குழப்பம். தேய்ந்து வழுவழுப்பான பேடுகளும் இதே குழப்பத்தைத் தரும், அவற்றை மாற்றிவிடலாம். அகன்ற இடைவெளியுள்ள யோ-யோவில் கயிற்றைச் சுற்றும்போது வழுக்கிக்கொண்டே போகும், அதுவும் குறையல்ல. இடைவெளியின் குறுக்கே ஒரு விரலை வைத்து, முதல் சுற்றை விரலுக்கு மேலாகவும் அடுத்த சுற்றுகளை விரலுக்கு அடியிலும் விட்டு, பிறகு விரலை எடுத்துவிட்டுத் தொடர்ந்து சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

'தானாகத் திரும்பும்' யோ-யோவைப் பற்றியும் கேட்பீர்கள். 1980-களில் யோமேகா நிறுவனம் இதைப் பிரபலமாக்கியது. உள்ளே ஸ்பிரிங் போட்ட சிறு கைகள் இருக்கும். வேகமாகச் சுழலும்போது அவை வெளியே விரிந்து நடுக்குழலை விட்டுவிடும், வேகம் குறைந்ததும் கவ்விப் பிடித்து யோ-யோவை மேலே அனுப்பும். புத்திசாலித்தனமான கிளட்ச் அது, சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே மகிழ்ச்சி தரும். ஆனால் எப்போது திரும்புவது என்று கிளட்ச்தான் முடிவு செய்கிறது, ஆடுகிறவர் அல்ல. சுண்டும் நேரத்தைக் கை கற்றுக்கொள்ளவே கற்காது. ஆறு ஏழு வயதுக்கு வாங்கலாம், உங்கள் மகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே மூன்றாவதாக ஒன்று வாங்குவதென்றால் இப்படிப் பாருங்கள்: பட்டர்ஃபிளை வடிவம், 55 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் விட்டம், 55 முதல் 65 கிராம் எடை, பாலிகார்பனேட் போன்ற உறுதியான பிளாஸ்டிக், திருகிப் பிரிக்கும் வசதி, உலோக அச்சு, மாற்றக்கூடிய பேடுகள், குறுகிய பேரிங். பெட்டியில் 'ரெஸ்பான்சிவ்', அதாவது சுண்டினால் திரும்புவது, என்று இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொள்ள அகலமான பேரிங்கும் சேர்த்துத் தருகிற வகை கிடைத்தால் அதையே எடுங்கள். அவள் வளர வளர யோ-யோவும் கூட வரும். அலுமினியம் இப்போது வேண்டாம். தரையில் விழுந்து விளிம்பில் வெட்டு விழுந்தால் அது விரலைக் கீறும். படம், விளக்கு, ஒலி எதற்கும் மதிப்புக் கொடுக்காதீர்கள்.

எந்த யோ-யோவாக இருந்தாலும், பெட்டியில் வரும் கயிறு பெரியவர்களின் உயரத்துக்கானது. பிள்ளைக்கு அப்படியே கொடுத்தால் தரையில் இடிக்கும், இடிக்காமலிருக்க அவள் கையைத் தூக்கி வீசுவாள், வீச்சே கோணலாகிவிடும். யோ-யோவைத் தரையில் தொடும்படி தொங்கவிட்டு, கயிறு அவள் தொப்புள் உயரத்துக்கு வரும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே வெட்டி, முனையில் சிறு முடிச்சு வளையம் போடுங்கள். அந்த வளையத்தையே விரலில் மாட்டக் கூடாது. கயிற்றை அதன் வழியாக இழுத்துச் சுருக்காக்கி, நடுவிரலின் முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே மாட்ட வேண்டும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கயிறு யோ-யோவின் மேல்பக்கத்திலிருந்து விரலுக்கு வருகிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து வந்தால் எந்த யோ-யோவும் சரியாக இறங்காது.

யோ-யோவின் குறை என்று நினைக்கும் பல தொல்லைகள் முறுக்கில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வீச்சிலும் கயிற்றின் முறுக்கு சிறிது மாறுகிறது. முறுக்கு ஏறினால் வளையம் அச்சை இறுக்கிப் பிடித்து யோ-யோ சுற்றாமல் திரும்பும், தளர்ந்த கயிறு தானாகப் பின்னிக்கொள்ளும். முறுக்கு இறங்கினால் சுண்டினாலும் பிடிக்காது. சில வீச்சுக்கு ஒருமுறை யோ-யோவைக் கீழே தொங்கவிட்டு அது தானாகச் சுழன்று நிற்கும்வரை பொறுத்தால் முறுக்கு சமமாகிவிடும். அச்சருகே இழை நைந்து மஞ்சளாகவோ கருப்பாகவோ தெரிந்தால், அறும்வரை காத்திருக்காமல் அன்றே புதுக் கயிறு மாட்டிவிடுங்கள்.